ஒலிவாங்கி ஊளையிடாமல் வகுப்பு நடத்துவது எப்படி?

சென்ற சில இதழ்களில் சலரோகம், கொழுப்பு, பிறசர் என்று எழுதி, கடைசியில் "தேகப்பியாசம் செய்யுங்கள்" என்று முடித்து வந்தோம். எழுதுவது சுகம். செய்விப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, நியூ ஜேர்சியில் எமது பகுதி அம்மாமாருக்கும் அக்காமாருக்குமாகச் சனிக்கிழமைக் காலைகளில் ஒரு வகுப்பைத் தொடங்கிய பின்னர்தான் எமக்கு விளங்கியது. வாடகைக்கு ஒரு மண்டபம், இரவல் வாங்கிய இரண்டு ஸ்பீக்கர்ப் பெட்டிகள், தலையில் மாட்டும் கம்பியில்லா ஒலிவாங்கி ஒன்று, பழைய சினிமாப் பாட்டுகள். வகுப்பெடுப்பவர் எம்மவர் ஒருவரின் மகள். எல்லோருக்கும் அவர் "தங்கச்சி"தான்.

மூன்றாம் கிழமை அது நடந்தது. ஒரு பாட்டு முடிந்ததும் தங்கச்சி தண்ணீர் குடிப்பதற்காக ஒலிவாங்கியைக் கழற்றி, கைக்கு எட்டிய இடத்தில், அதாவது ஸ்பீக்கர்ப் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டார். மண்டபமே கிழிவதுபோல ஒரு கூவல். ஓடிப்போய் நிறுத்துவதற்குள் நாலைந்து வினாடி சென்றிருக்கும். திரும்பிப் பார்த்தபோது பின் வரிசையில் நின்ற ஓர் அம்மா குப்புறப் படுத்திருந்தார். மயங்கி விழுந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தோம். அவர் விழவில்லை. இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, வாயைச் சற்றுத் திறந்தபடி படுத்திருந்தார். வன்னியில் பழகிய பழக்கம். எழும்பி இருந்து, வெட்கத்தோடு சிரித்து, சேலையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர் அடுத்த இரண்டு கிழமையும் வரவில்லை. சீனி அளவு குறையத் தொடங்கியிருந்த வேளையில்தான் இப்படி ஆயிற்று.

இதற்குப் பிறகு, "மைக் எண்டால் கூவத்தானே செய்யும்" என்று விட்டுவிட எமக்கு மனம் வரவில்லை. விஷயத்தைத் தேடிப் படித்தோம், பரிசோதித்தும் பார்த்தோம். பரதநாட்டிய வகுப்பு, கராட்டி வகுப்பு, முதியோர் ஒன்றுகூடல் என்று நடத்துகிற எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் காரணம். ஒலிவாங்கி உங்கள் வாயை மாத்திரம் கேட்பதில்லை. ஸ்பீக்கரிலிருந்து வரும் உங்கள் குரலையும் அது கேட்கிறது. கேட்டதை மறுபடி அம்பிளிஃபயருக்கு அனுப்புகிறது. அது பெருத்து மறுபடி ஸ்பீக்கரால் வருகிறது. இந்தச் சுற்றில் ஒவ்வொரு முறையும் போனதைவிடக் குறைவாகத் திரும்பி வந்தால் சத்தம் தானாக அடங்கிவிடும். போனதைவிடக் கூடுதலாகத் திரும்பி வந்தால், வட்டி முதலோடு சேர்ந்து குட்டி போடுவதுபோல, கண் மூடித் திறப்பதற்குள் வளர்ந்துவிடும். எந்தச் சுருதியில் மண்டபமும் கருவிகளும் கூடுதலாக இசைகின்றனவோ அந்தச் சுருதியில்தான் ஊளை பிறக்கும். ஆகவே ஒலிவாங்கி பழுது, மலிவுச் சாமான் என்றெல்லாம் உடனே பழி சொல்ல வேண்டியதில்லை. விலை கூடியதும் இதையே செய்யும். பிரான்சில் உள்ள உறவினர் இதனை "லார்சன்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது இதனை ஆராய்ந்த டென்மார்க் விஞ்ஞானி சோரன் லார்சனின் பெயர்.

சுவையான விஷயம் என்னவென்றால், எம்மவர் வாழுகின்ற மூன்று இடங்களுக்குமே இந்த ஊளையோடு சம்பந்தம் உண்டு. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் உள்ள நாபா என்ற ஊரில் பீற்றர் ஜென்சன் என்ற டென்மார்க்காரரும் எட்வின் பிறிட்ஹாம் என்ற அமெரிக்கரும் ஒரு சிறிய வீட்டில் இருந்து ஒலிபெருக்கியை உருவாக்கினார்கள். ஜென்சன் 1909இல் இந்நாட்டுக்கு வந்து குடியேறியவர். ஒலிவாங்கியையும் புனலையும் ஒரே அறையில் வைத்து இணைத்த உடனேயே அவர்களுக்குக் கிடைத்தது பேச்சு அல்ல, இந்த ஊளைதான். புனலைக் கூரைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒலிவாங்கியைக் கீழே வைத்துக்கொண்டு கதைத்த பிறகுதான் குரல் குரலாகக் கேட்டது. 1915 டிசம்பர் 24ஆம் திகதி, நத்தாருக்கு முதல்நாள், சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் பெருங்கூட்டத்துக்கு அதனை முழங்கவிட்டார்கள். அவர்கள் வைத்த பெயர் மக்னவொக்ஸ். லத்தீனில் பெருங்குரல் என்று பொருள்.

ஊரில் திருவிழாவுக்கு சவுண்ட் கட்டியவர்களும் இதையேதான் செய்தார்கள் என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறோம். புனல் ஸ்பீக்கரைப் பனையிலும் தென்னையிலும் உயரக் கட்டி, வெளியே பார்க்கத் திருப்பிவிட்டு, ஒலிவாங்கியைக் கோயிலுக்குள் வைத்தார்கள். எந்தப் புத்தகமும் படித்து அவர்கள் அதைச் செய்யவில்லை.

எனவே முதல் வேலை, பெட்டிகளின் இடத்தை மாற்றுவது. எமது மண்டபத்தில் பெட்டிகள் தங்கச்சிக்குப் பின்னால், சுவரோரம் இருந்தன. அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த சத்தம் நேரே ஒலிவாங்கிக்குள் போயிற்று. இப்போது பெட்டிகளைக் கால்களில் ஏற்றி, நிற்பவர்களின் தலை உயரத்தில், தங்கச்சிக்கு ஓர் ஆறு அடி முன்னால் இரு பக்கமும் வைத்து, வகுப்பைப் பார்க்கத் திருப்பியிருக்கிறோம். நிலத்தில் நிறநாடா ஒட்டி ஒரு கோடும் போட்டோம். ஒலிவாங்கி திறந்திருக்கும்போது அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. யாருடைய முழங்காலையாவது திருத்தப் போக வேண்டுமென்றால் முதலில் இடுப்பில் உள்ள பொத்தானை அமர்த்த வேண்டும். கழற்றுவதற்கு முன்னரும் அப்படியே. இந்த ஒரு பழக்கம் பாதி நோயைத் தீர்த்துவிட்டது. சுவர் முழுக்கக் கண்ணாடி உள்ள நடன மண்டபங்களில் பெட்டியை நேரே கண்ணாடியைப் பார்க்க வைக்காதீர்கள். கண்ணாடி சத்தத்தை அப்படியே திருப்பி அனுப்பும்.

அடுத்தது வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரம். தூரம் பாதியானால் ஒலிவாங்கிக்குப் போய்ச்சேரும் குரல் 6 டெசிபெல் கூடும். ஓர் அடி தூரத்தில் இருந்ததை இரண்டு அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் 15 டெசிபெலுக்கு மேல் கூடும். அவ்வளவையும் அம்பிளிஃபயரில் குறைக்கலாம். அதனால்தான் துள்ளிக் குதிக்கும் வகுப்புக்குத் தலையில் மாட்டுவது நல்லது. அதன் நுனி வாயின் கடைக்கோடியில், கன்னத்தில் முட்டாமல் நிற்க வேண்டும். நேரே வாய்க்கு முன்னால் வைத்தால் மூச்சு மோதும். தாடைக்குக் கீழே இறங்கிவிட்டால் பயனில்லை. வாங்கும்போது ஒரு திசையை மட்டும் கேட்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். எல்லாத் திசையையும் கேட்கும் வகை சொற்பொழிவுக்குச் சரி, சத்தமான பாட்டுக்கு நடுவே சரிவராது. கையில் பிடிக்கும் வகை என்றால் அதன் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்கவே கூடாது. சினிமாப் பாடகர்களைப் பார்த்துப் பிள்ளைகள் இப்படிப் பிடிக்கிறார்கள். பொத்தினால் அந்த ஒரு திசைக் குணம் போய்விடும், உடனே கூவும்.

ஒரே நேரத்தில் இரண்டு ஒலிவாங்கிகளைத் திறந்து வைப்பதும் கெடுதல். திறந்தவற்றின் தொகை இரட்டிக்கும்போது 3 டெசிபெல் இடைவெளி போய்விடும். கதைக்காதவருடையதை மூடிவிடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய கம்பியில்லாச் சாமான் வாங்குவோருக்கும் ஒரு சொல். அமெரிக்காவில் 2010 ஜூனிலிருந்து 700 மெகாஹேர்ட்ஸ் பகுதியிலும், 2020 ஜூலையிலிருந்து 600 மெகாஹேர்ட்ஸ் பகுதியின் பெரும்பங்கிலும் இவற்றைப் பாவிப்பது சட்டப்படி தடை. பின்பக்கத்தில் உள்ள இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இனி எல்லோரும் கேட்க விரும்பாத விஷயத்துக்கு வருகிறோம். பாட்டைக் குறைக்க வேண்டும். பாட்டு உரக்கப் போனால் தங்கச்சியின் குரல் அதற்கு மேல் எழும்ப வேண்டும். குரலைக் கூட்டக் கூட்ட ஊளையின் எல்லைக்கு அருகில் போகிறோம். குரலை விட்டுப் பாட்டைக் கொஞ்சம் இறக்கினாலே போதும். முடிந்தால் பாட்டில் 1,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சற்றுக் குறையுங்கள். சொற்களின் தெளிவு அங்கேதான் இருக்கிறது, அந்த இடத்தைக் குரலுக்கு விட்டுக்கொடுக்கலாம்.

காதுக்கும் இது தேவை. அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நயோஷ் நாளுக்கு 8 மணித்தியாலத்துக்கு 85 டெசிபெல் என்று எல்லை சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 94 டெசிபெலில் ஒரு மணித்தியாலம்தான், அதாவது ஒரே ஒரு வகுப்பு. 100 டெசிபெலில் 15 நிமிடம். ஐபோன் வைத்திருப்போர் இந்த நிறுவனமே இலவசமாகத் தரும் சத்தமானியைப் பாவித்துப் பார்க்கலாம். எங்கள் பெட்டிகளுக்கு முன்னால் அது காட்டிய இலக்கத்தை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

ஒலிவாங்கியே வேண்டாம், கத்திச் சொல்கிறேன் என்ற யோசனையைத் தங்கச்சியும் சொன்னார். ஒரு கிழமை கத்திவிட்டு மூன்று நாள் குரலில்லாமல் இருந்தார். 1969இல் ஜாஸர்சைஸ் என்ற நடனப் பயிற்சியை ஆரம்பித்த ஜூடி ஷெப்பர்ட் மிசெற்றுக்கும் இதுதான் நடந்தது. கலிபோர்னியாவில் கிழமைக்கு அத்தனை வகுப்புகளைக் கத்தியே நடத்திக் குரல் நாண்கள் கெட்டு, டொக்டர் எச்சரித்த பிறகுதான் 1977இல் வேறு ஆசிரியைகளைப் பழக்கத் தொடங்கினார். தங்கச்சிக்கு வகுப்பு சனிக்கிழமை மாத்திரம். மற்ற ஐந்து நாளும் அவர் வேலை செய்வது தொலைபேசியில் பதில் சொல்லும் இடத்தில். குரல் போனால் சம்பளம் போகும்.

இடமும் தூரமும் சரியான பின்பும் மிச்சமிருக்கும் ஊளைக்கு ரெக்சாஸ் வழி ஒன்றுண்டு. ஒஸ்ரினில் உள்ள ரெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. பி. போனர் 1960களில் இதைச் செய்து காட்டினார். ஒரு மண்டபம் எந்தெந்தச் சுருதியில் கூவுகிறதோ அவற்றைக் கண்டுபிடித்து, அந்த ஒடுங்கிய பகுதிகளை மாத்திரம் வெட்டிவிடுவதுதான் அவரது முறை. வகுப்புக்கு முன்னர் நாமும் செய்யலாம். தங்கச்சி தன் இடத்தில் நிற்க, சத்தத்தை மிக மெதுவாகக் கூட்டுங்கள். எங்கே மெல்லிய ரீங்காரம் தொடங்குகிறதோ அங்கே நிறுத்தி, ஈகுவலைசரில் அந்தப் பகுதியை 3 டெசிபெல் இறக்குங்கள். "ஊ" என்றால் 500க்குக் கீழே, சீழ்க்கை என்றால் 1,000 முதல் 2,000 வரை, காதைக் குத்தினால் அதற்கும் மேலே தேடுங்கள். இரண்டு மூன்று இடத்துக்கு மேல் வெட்ட வேண்டாம், குரல் தகரமாகிவிடும். பிறகு முழுச் சத்தத்தையும் 6 டெசிபெல் குறைத்து வைத்துவிடுங்கள். ஆட்கள் வருவதற்கு முன்னரே இதைச் செய்வது முக்கியம். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

எமது நியூ ஜேர்சியின் பங்கு இன்னும் வேடிக்கையானது. மறே ஹில்லில் உள்ள பெல் ஆய்வுகூடத்தில் மன்பிரட் ஷ்ரோடர் என்பவர், குரலை ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 5 ஹேர்ட்ஸ் தள்ளிவிட்டால் ஊளை ஒரே சுருதியில் நிலைத்து வளர முடியாது என்று கண்டு 1964இல் எழுதினார். அதனால் 6 டெசிபெல் அளவு மிச்சம் பிடிக்கலாம். இன்று விற்கும் ஊளை தடுக்கும் பெட்டிகள் சிலவற்றில் இது இருக்கிறது. பேச்சில் வித்தியாசம் தெரியாது. ஆனால் சங்கீத வகுப்புக்காரர் இதன் பக்கம் போகக்கூடாது. 220 ஹேர்ட்ஸ் சுருதி 225 ஆனால் தம்புராவோடு ஒட்டாது.

அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் இவ்வளவையும் செய்துவிட்டோம் என்று சொன்னோம். "நான் பயப்படேல்லைப் பிள்ளை, உடம்புதான் பயந்தது" என்றார். அதற்குப் பிறகு வந்தார். வாசலுக்குப் பக்கத்தில், பெட்டிகளுக்குத் தூரமாக ஓரிடம் கேட்டார், கொடுத்தோம். வகுப்பு தொடங்க முன்னர் தங்கச்சி இப்போது அவரைப் பார்த்துக் கை காட்டிவிட்டுத்தான் ஒலிவாங்கியைத் திறக்கிறார்.

அவருக்குப் பக்கத்தில் நிற்கும் அப்பம்மா ஒருவரின் காதுக் கருவி, குனியும்போதெல்லாம் சீழ்க்கை அடிக்கிறது. அதுவும் இதே நோய்தான். உள்ளே போக வேண்டிய சத்தம் இடைவெளியால் கசிந்து, கருவியின் ஒலிவாங்கிக்குத் திரும்பிப் போகிறது. காதில் அழுக்கு அடைத்தாலும், கருவி காதில் சரியாகப் பொருந்தாவிட்டாலும் இப்படி வரும். உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் சத்தத்தைக் குறைத்துப் பாவிக்கச் சொல்லாதீர்கள். காது பரிசோதிப்பவரிடம் கூட்டிப்போய்க் காதைத் துப்புரவாக்கி, கருவியின் பொருத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.