அறுநூறு ரூபாய்க்கு ஒரு கையெழுத்து

கவுன்டரில் பாஸ்புக்கை நீட்டிக்கொண்டே நம்ம சேரித் தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணே, ரெண்டு மாச வேலை ஒண்ணு வந்திருக்கு. போனா கவர்மென்ட் காசு நின்னு போயிருமா?” ஒரு கம்பெனிக்காக வீடுவீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிற வேலை. படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. பஸ் காசு அவனுடையது. ஒப்பந்தத் தாளில் ‘சுயதொழில் செய்பவர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். தொழிலாளி என்று எழுதினால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கேட்பானே!

2006-இல் தமிழக அரசு கொண்டுவந்த வேலையற்றோர் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தவனுக்கு மூன்று வருஷம் மட்டும் கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-ஐத் தாண்டக் கூடாது. வேலையிலும் இல்லை, சுயதொழிலிலும் இல்லை என்று வருஷாவருஷம் உறுதிமொழி எழுதிக் கொடுக்கணும். பொறுப்பைத் தட்டிக்கழிக்க முதலாளி எழுதிய அதே சொல் இங்கே வந்து இவன் கழுத்தைப் பிடிக்கிறது. (கக்கூஸ் கழுவுகிற கான்ட்ராக்டுக்கு மட்டும் நம்மிடம் எந்தத் தாளும் கேட்பதில்லை.)

மறைத்துவிட்டுப் போ என்று சொல்ல எனக்கு மனமில்லை. கூலி வங்கிக் கணக்கில்தான் விழும்; நாளைக்குப் பொய் உறுதிமொழி என்று பிடிப்பது இவனைத்தான், கம்பெனியை அல்ல. வேலைக்குப் போ, எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றேன். “மூணாவது மாசம் நீங்களா அண்ணே சோறு போடுவீங்க?” என்றான். பதில் இல்லை.

தோழர்களே, தொகையை உயர்த்து என்று மட்டும் கேட்டால் போதாது. குறுகிய கால வேலைக்குப் போகிறவனுக்கு உதவித்தொகையை நிறுத்தி வைக்கட்டும், ரத்து செய்யக் கூடாது. வேலை முடிந்த மறுமாதமே, மிச்சமுள்ள மாதங்களுக்கான பணம் புது மனு இல்லாமல் வரணும். மாணவர்கள் இந்தக் கோரிக்கையோடு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குப் போக வேண்டும். தம்பி வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனிக்குக் கையெழுத்துப் போடணுமாம்.