ஏற்றத்துக்கு முன்பே கியரை மாற்றுங்கள்

எங்கள் குடியிருப்பில் நிற்கும் கியர் சைக்கிள்களின் பின்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். ஏழு பல்சக்கரங்களில் ஆகச் சின்னது மட்டும் கறுத்துத் தேய்ந்திருக்கும். பெரியவற்றில் கடைப் பளபளப்பு அப்படியே இருக்கும். விற்கிறவர்கள் கியரைப் பற்றிச் சொல்லித் தருவதில்லை. கனமான கியர்தான் வேகம் என்று நினைத்துப் பிள்ளைகள் முட்டி வலிக்க மிதிக்கிறார்கள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கால் எப்போதும் ஒரே தாளத்தில் சுற்றுவதற்குத்தான் கியர். முன்னால் 42 பல், பின்னால் 14 பல் என்றால் பெடலை ஒரு சுற்று மிதித்ததும் பின்சக்கரம் மூன்று சுற்று சுற்றும். 26 அங்குலச் சக்கரம் ஆறு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். முன்னால் 24, பின்னால் 28 என்று மாற்றினால் அதே ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர்கூடப் போகாது. தூரம் குறைகிற அளவுக்கு மிதி லேசாகும். சமதரையோ எதிர்காற்றோ, நிமிடத்துக்கு 70, 80 சுற்று வருகிற மாதிரி கியரை வைத்துக்கொண்டால் முட்டி பிழைக்கும். 21 கியர் என்று மலைக்கவும் வேண்டாம். அவற்றில் பல ஏறக்குறைய ஒன்றுதான். ஊருக்குள் முன்பக்கத்தை நடுவில் விட்டு, பின்பக்கத்தை மட்டும் மாற்றினாலே போதும்.

லேசான கியரை இளப்பமாகப் பார்க்கிற வழக்கம் பழையது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் செயினைப் பல் விட்டுப் பல் தாவவைக்கும் கியருக்கு 1937-இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை மலையடிவாரத்தில் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மாற்றுகிற நேரம். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்குள் நுழைந்து, வண்டி நிற்கப்போகிற நிலையில், உடம்பு எடை முழுவதையும் பெடலில் போட்டுக்கொண்டு கியரை மாற்றினால் செயின் கடகடவென்று அடித்துக்கொள்ளும். சில சமயம் கழன்றும் விழும். செயின் தாவுவதற்குப் பெடல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் இழுப்பு குறைந்திருக்க வேண்டும். அதனால் வளைவு கண்ணில் பட்டதுமே, வேகம் இருக்கும்போதே, காலைக் கொஞ்சம் தளர்த்திச் சுற்றியபடி லிவரைத் தட்டுங்கள். டக்கென்று ஒரு சத்தம். அடுத்த மிதியே லேசாகிவிடும். சிக்னலிலும் இப்படித்தான். நிற்பதற்கு முன்பே லேசான கியருக்கு வந்துவிட்டால், பச்சை விழுந்ததும் பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும் முன் தள்ளாடாமல் கிளம்பிவிடலாம்.