குழி போடத் தெரிந்த ஊர், மீட்கவும் கற்கட்டும்

நாட்டின் எந்த மூலையில் ஆழ்குழாய்க் கிணறு (போர்) போட்டாலும், அங்கே நிற்கும் ரிக் வண்டி திருச்செங்கோட்டு வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். வடமாநிலங்கள் மட்டுமல்ல, ஆப்பிரிக்கா வரைக்கும் இந்த வட்டாரத்து வண்டிகள் போகின்றன. ஓமலூர், தாரமங்கலம் பக்கத்துக் காடுகளில் பாறையைத் துளைத்து ஆயிரம் அடிக்கு இறங்குவது இன்று யாருக்கும் ஆச்சரியமான செய்தி இல்லை. துளைக்கும் தொழிலில் இவ்வளவு தேர்ந்தவர்கள் இருக்கும் மண்ணில், அந்தத் துளைக்குள் விழும் குழந்தையை எடுக்கும் கருவி மட்டும் ஏன் இன்னும் தனி ஒருவரின் பட்டறை முயற்சியாகவே நிற்கிறது? மீட்பு ரோபோ என்றால் வெளிநாட்டுக் கண்காட்சிப் பொருள் என்று நினைக்கிறோம். நமக்கு அது ஆம்புலன்ஸ் மாதிரி, தீயணைப்பு நிலையத்தில் நிற்க வேண்டிய அன்றாடச் சாதனம்.

2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே குத்தாலப்பேரியில் ஆழ்குழாய்க் கிணற்றில் விழுந்த மூன்று வயதுச் சிறுவனை, மதுரை மணிகண்டன் உருவாக்கிய கருவி உயிரோடு மேலே கொண்டுவந்தது. ஐந்தாண்டு கழித்து, 2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. அதே மணிகண்டன் உட்படப் பல குழுக்கள் ஆளுக்கொரு கருவியோடு வந்தன. எதுவும் கைகொடுக்கவில்லை. முதலில் முப்பது அடிக்கும் குறைவான ஆழத்தில் இருந்த குழந்தை, பிறகு 88 அடிக்குச் சரிந்துபோனது. மாநிலமே தீபாவளியை மறந்து தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்க, 29ஆம் தேதி அதிகாலை உடல்தான் கிடைத்தது. ரோபோவெல்லாம் வேலைக்கு ஆகாது, பக்கத்தில் குழி தோண்டிப் போவதே வழி என்று அன்றிலிருந்து பலரும் பேசுகிறார்கள். நடுக்காட்டுப்பட்டி காட்டியது அதற்கு நேர்மாறானது. பக்கக் குழிக்கு அங்கே என்ன குறை? ஓஎன்ஜிசி இயந்திரம் வந்தது, அதைவிடப் பெரியதும் வந்தது, பாறை விட்டுக்கொடுக்கவில்லை. 2006இல் ஹரியானாவின் குருசேத்திரத்தில் ஐந்து வயதுச் சிறுவனைப் பக்கவாட்டில் தோண்டிப் போய் மீட்டார்கள் என்றால், அது வண்டல் மண். சேலம், நாமக்கல் பூமியில் மேல்மண்ணைத் தாண்டினால் கருங்கல். கேசிங் பைப் கூட அந்த மேல்மண் வரைக்கும்தான் இறங்கும். அதற்குக் கீழே வெறும் பாறைச்சுவர். இங்கே பக்கக் குழி தோண்டுவது மணிக்கணக்கில் முடியாது, நாள்கணக்கில் இழுக்கும். தோண்டும் அதிர்வு வேறு. ஆக, மேலிருந்து இறங்கும் கருவிதான் நம் நிலத்துக்கு ஏற்ற நம்பிக்கை.

2022 ஜூனில் சத்தீஸ்கரில் பாறைக்குள் தோண்டியே, நூறு மணி நேரத்துக்கு மேல் கழித்துச் சிறுவனை உயிரோடு மீட்டார்களே என்று கேட்கலாம். உண்மைதான். அவனுக்கு வயது பத்து. கயிற்றில் இறக்கிய பழத்தை எடுத்துச் சாப்பிட்டுத் தாக்குப்பிடித்தான். இரண்டு வயதுக் குழந்தையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அதே மாதம் குஜராத்தின் திராங்கத்ராவில் ஒன்றரை வயதுக் குழந்தையை ராணுவத்தினர் ஒரு கொக்கியையும் கயிற்றையும் வைத்து விரைவாகத் தூக்கிவிட்டார்கள். கருவி எவ்வளவு நவீனம் என்பதைவிட, குழந்தை மேலாக இருக்கும்போதே அது வந்து சேர்ந்ததா என்பதுதான் பெரிது. கையை உயர்த்தியபடி சிக்கிய பிள்ளைக்கு ஒரு முனை, உடம்புக்கும் சுவருக்கும் இடைவெளி இல்லாதபோது வேறொரு முனை, மேலிருந்து மண் சரிந்து மூடிவிட்டால் இன்னொன்று என்று வகைவகையாகத் தேவைப்படும். இவற்றையெல்லாம் பொம்மையை இறக்கி நூறு முறை பழகிப் பார்க்காமல், விபத்து நடந்த இடத்திலேயே முதல் முறையாகச் சோதித்தால் எப்படிப் பலிக்கும்?

வலுவான மறுப்பு இன்னொன்று: குழியை மூடினால் ரோபோவே வேண்டாமே. நூற்றுக்கு நூறு சரி. உச்ச நீதிமன்றம் 2010லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும், வேலி போட வேண்டும், போர் போடுவதற்கு 15 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கு ஒன்பது ஆண்டு கழித்துத்தான் நடுக்காட்டுப்பட்டி. தண்ணீர் வராமல் புகை மட்டும் பறந்தால், காசு கொடுத்து வாங்கிய கேசிங் பைப்பை உருவி அடுத்த குழிக்குக் கொண்டுபோகிறார்கள். வாய் திறந்தபடி கிடக்கும் குழியின் மேல் ஒரு சாக்கு, அதன்மேல் ஒரு கல். கடன் வாங்கிப் போர் போட்டு ஏமாந்த விவசாயிக்கு மூடும் செலவு இன்னொரு அடி. ரிக் வண்டி கிளம்பும் முன் மூடித்தான் போக வேண்டும், அந்தக் கூலி அடிக்கணக்கிலேயே சேர வேண்டும் என்று ஆக்கினால் பெரும்பகுதி தீரும். ஆனாலும் ஏற்கெனவே திறந்து கிடப்பவை போகும் நாள் வரைக்கும் மீட்புக் கருவி வேண்டும். ஹெல்மெட் போடச் சொல்கிறோம் என்பதற்காக விபத்துப் பிரிவை யாரும் மூடிவிடுவதில்லை.

செலவு ஒரு சாக்கு இல்லை. பாதாளச் சாக்கடைக்குள் மனிதன் இறங்காமல் இருக்க, கேரளப் பொறியியல் மாணவர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்' ரோபோ 2018இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. வைத்துக்கொள்ள ஒரு பொறுப்பான அமைப்பு முன்வந்ததால் பிழைத்தது, கும்பகோணத்துக்கும் வந்தது. ஆழ்குழாய் மீட்புக் கருவிக்கு அப்படி ஒரு பொறுப்பாளர் அமையவில்லை. அந்த இடத்தில் தீயணைப்புத் துறை நிற்க வேண்டும். ஓமலூர் சாலையில் கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. துளையின் உள்சுவர் எந்த அடியில் எப்படி இருக்கும் என்று கையால் அறிந்த ரிக் ஓட்டுநர்கள் திருச்செங்கோட்டில் இருக்கிறார்கள். இந்த மூவரையும் சேர்த்து, பாறையில் நாலைந்து பயிற்சிக் குழிகள் போட்டு, கருவிகளை அங்கே சோதித்து, தேறியதை மாவட்டந்தோறும் நிறுத்தும் வேலையை அரசு அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே தொடங்க வேண்டும்.