ஒரு மக்ரோன் வகுப்பும் நான் பூட்டி வைத்த ஆய்வகமும்



கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் படிக்காமல் கைகூப்பும் பொம்மை போட்டுவிட்டு நகர்கிறவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும். பாடம் நடக்கும்போதும் நீங்கள் அப்படித்தான் தலையாட்டினீர்கள்.

போன மாதம் பாரிஸில், ஏப்ரன் கட்டிக்கொண்டு கையில் க்ரீம் பிழிகிற பையோடு நான் நிற்கிற படத்தைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தேன். சித்தி மகன் உடனே எழுதினான்: "ஏக்கா, தூத்துக்குடில தெருவுக்குத் தெரு மக்ரூன் கிடைக்கு. அதைப் படிக்கதுக்குப் பாரிஸ் வரைக்கும் போகணுமா?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, ஒரு பழைய கணக்கும் சேர்ந்துகொண்டது.

தம்பி, முதலில் இரண்டும் ஒன்றல்ல. நம்மூர் மக்ரூன் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு. கூம்பாகப் பிழிந்து மெதுவான சூட்டில் நெடுநேரம் வைத்து எடுப்பது. பாரிஸ் மக்ரோனிலும் வெள்ளைக்கருவும் சீனியும் உண்டு. முந்திரிக்குப் பதில் பாதாம் மாவு. வட்டமான இரண்டு வில்லைகள், நடுவில் க்ரீமோ சாக்லேட்டோ. பிரான்சிலேயே எல்லா ஊரிலும் இப்படிச் செய்வதில்லை. நான்சி என்ற ஊரில் ஒற்றை வில்லைதான், உள்ளே ஒன்றும் வைக்க மாட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்தை மூடிவிட்டதால் வீதிக்கு வந்த இரண்டு கன்னியாஸ்திரீகள் அதைச் செய்து விற்றுப் பிழைத்தார்கள் என்று சொல்வார்கள். அவர்கள் பெயரில் அங்கே ஒரு தெருவே இருக்கிறது. இரட்டை வில்லை இருபதாம் நூற்றாண்டில் வந்த வழக்கம்தான். இன்று பாரிஸ் கடைகளில் அதைக் கம்மல் அடுக்கி வைப்பது போல் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலையும் ஏறக்குறைய கம்மல் விலைதான்.

மகள் வேலை நிமித்தமாக அங்கே இருக்கிறாள். பதினைந்து நாள் அவளோடு இருந்தேன். ஈஃபில் கோபுரத்தைப் பார்த்தேன். லூவரில் மோனாலிசாவைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. எனக்கு முன்னால் நின்றவர்கள் தூக்கிப் பிடித்த செல்போன்களில் பார்த்தேன். மூன்றாம் நாளே எனக்கு அலுத்துவிட்டது. முகம் பார்த்துக் கண்டுபிடித்த மகள், "உங்களுக்கு வேடிக்கை பார்க்கச் சரிப்படாதும்மா, வேலை குடுத்தாத்தான் சரி" என்று ஒரு மக்ரோன் வகுப்பில் இடம் பிடித்துக் கொடுத்தாள். மூன்று மணி நேரம், எட்டுப் பேர், ஆங்கிலத்தில் பாடம். கட்டணத்தை அவள் சொல்லவில்லை. பிறகு ரசீதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் ரூபாயில் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

நான் எவ்வளவு தெனாவட்டாகப் போனேன் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நாற்பது வருஷம் அடுப்படியில் நின்றவள். முப்பத்து மூன்று வருஷம் வேதியியல் சொல்லிக் கொடுத்தவள். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மிச்சம் பெரும்பாலும் புரதம். அடிக்கும்போது சுருண்டிருக்கிற புரதம் பிரிந்து, காற்றுக் குமிழைச் சுற்றி வலையாகப் பின்னிக்கொள்கிறது, அதுதான் நுரை. மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தால் அதிலுள்ள கொழுப்பு நுரையைக் கெடுத்துவிடும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். சுவரில் ஒரு செம்புக் கிண்ணம் மாட்டியிருந்தது. வெள்ளைக்கருவை ஏன் செம்பில் அடிக்கிறார்கள் என்று யாரோ கேட்டார்கள். சொல்லிக் கொடுக்க வந்த பெண் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்: செம்பு அயனி, புரதம், கந்தகம், நுரை சீக்கிரம் உடையாமல் இருப்பதற்கான காரணம். ஏழு பேரும் கைதட்டினார்கள். அந்தப் பெண்ணும் தட்டினாள். என் மகளைவிடச் சின்னவளாக இருப்பாள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் எடை போடச் சொன்னாள், வெள்ளைக்கருவைக்கூட. 'ரெண்டு முட்டை' என்று எண்ணுவது கிடையாது, கிராம் கணக்கு. கண்ணளவில் சமைத்துப் பழகிய எனக்கு அங்கேயே முகம் சுளித்தது (ஆய்வகத்தில் மில்லிகிராம் மில்லிகிராம் என்று உங்கள் உயிரை எடுத்தவள்தான்). நுரை நன்றாகவே வந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழவில்லை. அடுத்து, சலித்த பாதாம் மாவையும் பொடித்த சீனியையும் நுரையில் போட்டுக் கலக்க வேண்டும். இதற்கு 'மக்ரோனாஜ்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். கரண்டியால் மாவை அடியிலிருந்து எடுத்து மடித்து, கிண்ணத்தின் ஓரத்தில் அழுத்தி, மறுபடி எடுத்து மடிக்க வேண்டும். குறைவாகக் கலந்தால் வில்லை கரடுமுரடாக, வெடிப்போடு வரும். கூடிப்போனால் நுரை உடைந்து மாவு தண்ணியாக ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவில், கரண்டியைத் தூக்கினால் மாவு நாடா போல மடிந்து விழுந்து, மெல்ல மெல்லத் தன் தடம் மறைகிற ஒரு பக்குவம் இருக்கிறது. அங்கே நிறுத்த வேண்டும். ஒரு சுற்று முன்னாலும் கூடாது, இரண்டு சுற்று பின்னாலும் கூடாது.

நான் அடை மாவு கலக்குகிற கை. பேச்சு சுவாரசியத்தில் கலக்கிக்கொண்டே போனேன். தாளில் பிழிந்ததும் ஒவ்வொரு வட்டமும் பக்கத்து வட்டத்தைத் தேடிப் போய்க் கைகோத்துக்கொண்டது. என் தட்டில் இருந்தது குட்டித் தோசை.

பக்கத்தில் ஓர் இளைஞன். வாழ்க்கையில் முட்டைகூட வேகவைத்ததில்லை என்று சொன்னவன். அவன் தட்டில் கோலப்புள்ளி போல அழகழகாக வட்டங்கள். வேறொன்றுமில்லை, அவன் பாடத்தைக் கவனித்தான். எனக்குக் காது மடல் சூடேறியது. தட்டைக் கொஞ்சம் மறைத்தாற்போல் நின்றேன். அறுபத்தாறு வயதில், எங்கே என் பக்கம் வந்துவிடுவாளோ என்று ஒரு டீச்சரைப் பார்த்துப் பயந்தேன். அந்தப் பயத்தின் ருசியை நான் அடியோடு மறந்திருந்தேன். உங்களுக்குத் தினமும் பரிமாறியது அதைத்தான்.

அவள் வந்தாள், பார்த்தாள். திட்டவில்லை, "பரவாயில்லை" என்று பொய்யும் சொல்லவில்லை. அந்தத் தட்டைக் குப்பையில் கொட்ட நான் எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டாள். இதையும் வேகவைப்போம், என்ன ஆகிறது என்று எல்லாரும் பார்க்க வேண்டும் என்றாள். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து ஒரு கூஜாவை எடுத்தாள். அதில் உபரியாக வெள்ளைக்கரு பிரித்து வைத்திருந்தது. எட்டுப் பேர் வந்தால் யாராவது ஒருவருக்கு முதல் தடவை கெட்டுப்போகும் என்று காலையிலேயே கணக்குப் போட்டு எடுத்து வைத்தது. கெட்டுப்போவதும் அவளுடைய பாடத்திட்டத்தில் இருந்தது.

அந்தக் கூஜாவைப் பார்த்ததும் எனக்கு நம் ஆய்வகம் ஞாபகம் வந்துவிட்டது.

பருமனறி பகுப்பாய்வு செய்தவர்கள் நினைத்துப் பாருங்கள். பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட். கீழே கூம்புக் குடுவை. சொட்டுச் சொட்டாக விட்டுக் கொண்டே வந்தால் ஒரே ஒரு சொட்டில் நிறமற்ற கரைசல் வெளிர் இளஞ்சிவப்பாகி அப்படியே நிற்கும். அதுதான் முடிவு நிலை. மக்ரோன் மாவின் பக்குவமும் இதே சங்கதிதான். கரும்பலகையில் எத்தனை தடவை எழுதினாலும் அது வராது. இரண்டு மூன்று தடவை தாண்டிப் போய், குடுவை கத்தரிப்பூ நிறத்துக்குப் போனதைப் பார்த்த கைதான் நான்காவது தடவை சரியான சொட்டில் குழாயை மூடும்.

நான் உங்களைத் தாண்டிப் போக விட்டேனா? இல்லை. நான் மேசையில் செய்து காட்டுவேன், நீங்கள் அறுபது பேர் எட்டி எட்டிப் பார்ப்பீர்கள். அளவீட்டை நானே சொல்வேன், நீங்கள் ரெக்கார்டு நோட்டில் எழுதுவீர்கள். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் பூட்டைத் திறப்பேன். அப்போது 200 மதிப்பெண்ணில் 50 செய்முறைக்கு. அந்த ஐம்பதும் ஏறக்குறைய எல்லாருக்கும் வந்துவிடும். எப்படி வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெற்றோர் சந்தோஷப்பட்டார்கள். நானும் நல்ல டீச்சர் என்று பெயர் வாங்கினேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? சோம்பல் இல்லை. பயம். இருப்புப் பதிவேட்டில் பன்னிரண்டு பியூரெட் என்று இருந்தால் தணிக்கைக்கு வருகிறவர்களிடம் பன்னிரண்டையும் காட்ட வேண்டும். பத்து இருந்தால் விளக்கம் எழுத வேண்டும். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்களா என்று கேட்கப் பதிவேட்டில் பத்தி கிடையாது. ஆகவே கண்ணாடியைக் காப்பாற்றினேன்.

ஒரு பையன் இருந்தான். பெயர் சொல்ல மாட்டேன். தொண்ணூறுகளின் நடுவில் பிளஸ் டூ படித்தவன். தாங்கியில் மாட்டும்போது பியூரெட்டை உடைத்துவிட்டான். மிச்ச வகுப்பு முழுக்க அவனை வெளியே வராந்தாவில் நிறுத்தி, நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஒருநாள் வாசலில் வந்து நின்று, "மிஸ், இன்னொரு தடவை நானே செஞ்சு பாக்கட்டுமா?" என்று கேட்டான். "ஒரு தடவை செஞ்சது போதாதா?" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவனுக்கும் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டோ என்னவோ போட்டுக் கொடுத்தோம். பிறகு வேதியியல் பக்கமே அவன் போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இதையெல்லாம் போன வாரம் என்னோடு வேலை பார்த்த ஓர் இயற்பியல் டீச்சரிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டார். "அங்க எட்டுப் பேர், இங்க அறுபது பேர். அது காசு கட்டி வாற பொழுதுபோக்கு, இது பள்ளிக்கூடம். ஆசிட் கண்ணுல பட்டா யார் பதில் சொல்லுவா?" நியாயமான கேள்விகள். எட்டுக்கும் அறுபதுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சொட்டுச் சொட்டாக விடப் பழகுவதற்கு ஆசிட் எதற்கு? முதல் மாதம் பியூரெட்டில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்திருக்கலாம். சமையல் சோடாவும் வினிகரும் வைத்து எவ்வளவோ செய்திருக்கலாம். அறுபது பேரைப் பத்துப் பத்தாகப் பிரித்திருக்கலாம். எனக்குத்தான் கால் வலித்திருக்கும். உடைவது பற்றி என் கருத்து இது: ஆண்டுத் தொடக்கத்திலேயே, இத்தனை பியூரெட், இத்தனை பிப்பெட் உடையும் என்று ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அந்த எண்ணிக்கைக்குள் உடைந்ததற்கு ஆசிரியரிடம் ஒரு வரி விளக்கம்கூடக் கேட்கக் கூடாது. ஆண்டு முடிவில் ஒன்றுகூட உடையவில்லை என்றால் அந்த ஆய்வகத்துக்குத்தான் விளக்கம் கேட்க வேண்டும். மாணவர்களில் இன்று தலைமையாசிரியராக இருப்பவர்கள் மூன்று பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். உங்களைத்தான் சொல்கிறேன்.

அதோடு ஆசிரியராக இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு தடவை தனக்குச் சுத்தமாக வராத ஒன்றில் மாணவராகப் போய் உட்காருங்கள். பாரிஸ் வேண்டாம். நீச்சல் படியுங்கள், தையல் படியுங்கள், மிருதங்கம் படியுங்கள். காது மடல் சூடாக வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை என் மாவு சரியாக வந்தது. அரைமணி நேரம் ஆறவிட்டதும் மேலே மெல்லிய தோல் கட்டியது. அடுப்பில் ஆவி அந்தத் தோலை உடைக்க முடியாமல் அடிப்பக்கமாக வெளியேறும்போது வில்லை மேலெழும்பி, கீழே ஒரு சுருக்க விளிம்பு உண்டாகிறது. அதைக் 'கால்' என்கிறார்கள். கண்ணாடிக் கதவு வழியாக என் வில்லைகளுக்குக் கால் முளைத்ததைப் பார்த்து நான் சத்தம் போட்டுவிட்டேன். முதல் தட்டையும் பக்கத்திலேயே வைத்தாள். எட்டுப் பேரும் இரண்டையும் தொட்டுப் பார்த்தார்கள், உடைத்துப் பார்த்தார்கள். குட்டித் தோசையும் ருசியாகத்தான் இருந்தது.

ஊருக்கு வந்ததும், சின்ன வயசிலிருந்து மக்ரூன் வாங்குகிற பேக்கரிக்குப் போய், உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். இத்தனை வருஷமும் கேட்கத் தோன்றவில்லை. மாஸ்டர் எடை போடவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை. நுரையை விரலால் தொட்டுப் பார்த்து நிறுத்தினார். எப்படித் தெரிகிறது என்றேன். "நெறைய கெடுத்திருக்கேன் டீச்சர்" என்றார். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறி இப்போதும் சில நாள் சொதப்பும் என்றார்.

ஆகவே தம்பி, நீ கேட்டது சரிதான், பாரிஸ் போயிருக்க வேண்டாம். ஆனால் போகாமலிருந்தால் இரண்டு தெரு தள்ளியிருந்த அந்தப் பேக்கரிக்குள்ளும் நான் போயிருக்க மாட்டேன்.

மழை விட்டு நல்ல வெயில் அடிக்கிற முதல் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் மக்ரோன் போடப்போகிறேன். உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். முப்பது முட்டை வாங்கி வைக்கிறேன். பத்து முட்டை கெடுப்பதற்கு. முட்டை சாப்பிடாத வீட்டார் மன்னிக்கவும், உங்களுக்குத் தனியாகத் தேங்காய்ப் பர்ஃபி உண்டு.

அந்தப் பையனோடு யாருக்காவது தொடர்பு இருந்தால், என் நம்பரை அவனிடம் கொடுங்கள். அவனாகக் கூப்பிட விரும்பினால் மட்டும் போதும். அவனிடம் நான் பேச வேண்டும்.