ஆறாம் வகுப்பில் விஞ்ஞானம்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையில் நமது சிறுவர் சிறுமியர் விஞ்ஞானம் என்ற பெயரால் கற்பது யாது? காந்தம் இரும்பை இழுக்கும். அமிலம் நீல லிட்மஸ் தாளைச் சிவப்பாக்கும். விதை முளைக்க நீரும் காற்றும் வேண்டும். இவை யாவும் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. உபாத்தியாயர் வாசிக்கிறார், பிள்ளைகள் உருப்போடுகிறார்கள், பரீக்ஷையில் அக்ஷரம் பிசகாமல் எழுதி வைக்கிறார்கள். காந்தத்தைக் கையால் தொட்டறியாத பிள்ளை காந்தத்தைப் பற்றிய கேள்விக்கு முழு மார்க்கும் வாங்கிவிடுகிறது. ஏட்டுச் சுரைக்காயைக் குறித்து நம் பெரியோர் சொன்னது இதற்கு எவ்வளவு பொருந்துகிறது! செவிவழிச் சாட்சியத்தைத் தள்ளுவது நீதிமன்றங்களின் சம்பிரதாயம். ஆனால் பிரத்தியக்ஷப் பிரமாணத்துக்கே முதலிடம் இருக்கவேண்டிய விஞ்ஞான வகுப்பிலோ செவிவழிச் செய்தியே ராஜ்யம் செய்கிறது.

ஏழை தேசத்தில் வேறு விதமாகக் கற்பிக்க இயலாதென்று சொல்வோருக்கு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் ஜில்லாவின் வரலாற்றை நாம் எடுத்துக்காட்ட விரும்புகிறோம். (2022 முதல் அவ்வூருக்கு நர்மதாபுரம் என்று பெயர்.) ரஸூலியாவிலிருந்த ஃப்ரெண்ட்ஸ் கிராம நிலையமும் கிஷோர் பாரதி என்னும் ஸ்தாபனமும் சேர்ந்து, சர்க்காரின் அனுமதியுடன், 1972-ம் வருஷம் அந்த ஜில்லாவின் 16 நடுத்தரப் பள்ளிகளில் ஒரு புதிய முறையைத் தொடங்கின. டாடா ஆராய்ச்சி நிலையத்தையும் டில்லி சர்வகலாசாலையையும் சேர்ந்த விஞ்ஞானிகள் கிராமத்து உபாத்தியாயர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பாடங்களைத் தயாரித்தனர். 1978-ல் ஜில்லா முழுவதிலும் இம்முறை பரவிற்று. 1982-ல் தோன்றிய ஏகலவ்யா ஸ்தாபனம் பின்னர் இதன் பொறுப்பை ஏற்றது.

முறைதான் என்ன? 'பால் வைக்ஞானிக்' என்ற ஹிந்திப் பாடநூல் விடைகளைச் சொல்லாது. செய்யவேண்டிய சோதனையைச் சொல்லிக் கேள்வியைக் கேட்டு நிறுத்திவிடும். பிள்ளைகள் சிறு குழுக்களாகக் கூடிச் சோதனை செய்து, கண்டதைத் தம் சொந்த வார்த்தையில் எழுதவேண்டும். வயலுக்குச் சென்று இலைகளைச் சேகரித்து வகை பிரிப்பதும், நாணயத்தைச் சுண்டிச் சுண்டித் தலையும் பூவும் எத்தனை முறை விழுகின்றன என்று குறித்துவைப்பதும் பாடங்களே. ஒரு மேஜையின் நீளத்தை நாற்பது பிள்ளைகள் அளந்தால் நாற்பதும் ஒன்றாய் இராது. எது சரி? அளவையில் பிழை எங்ஙனம் புகுகிறது? இக்கேள்வியைப் பன்னிரண்டு வயதில் நேருக்கு நேர் சந்தித்தவன், பின்னாளில் மேடையில் யார் எந்தப் புள்ளிவிவரத்தைச் சொன்னாலும் எளிதில் ஏமாறமாட்டான். பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களை எழுதியனுப்புவதற்கென்றே 'ஸவாலிராம்' என்று ஒரு கற்பனை மனிதரையும் படைத்திருந்தார்கள். ஸவால் என்றால் ஹிந்தியில் கேள்வி. ஸவாலிராமின் பெயருக்கு வந்த கடிதங்கள் பதில் பெற்றன. நமது பள்ளிகளில் கேள்வி கேட்கும் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் என்ன என்பதை நேயர்கள் அறிவார்கள்.

இவை அனைத்தினும் முக்கியமானது பரீக்ஷையை அவர்கள் மாற்றியதேயாகும். புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே விடை எழுதலாம். அதோடு செய்முறைப் பரீக்ஷையும் உண்டு. புத்தகத்தை எவ்வளவு திருத்தினாலும் பரீக்ஷை பழையதாயிருந்தால் உபாத்தியாயர் பழைய வழிக்கே திரும்புவார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. மார்க்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பெற்றோரும் மேலதிகாரிகளும் அவரைத் துரத்துகிறார்கள்.

முப்பது வருஷம் நடந்து, ஏறக்குறைய ஆயிரம் பள்ளிகளை எட்டிய இந்த ஏற்பாட்டை மத்தியப் பிரதேச சர்க்கார் 2002-ல் மூடினர். பத்தாம் வகுப்புத் தேர்வில் அந்த ஜில்லா பின்தங்குகிறதென்பது எதிர்த்தோரின் வாதங்களில் ஒன்று. மேல்வகுப்புத் தேர்வோ மனப்பாடத்தைச் சோதிப்பது. துணியைத் தராசில் நிறுத்துப் பார்த்து முழம் குறைகிறதென்று தீர்ப்புச் சொன்ன கதையே இது! உபாத்தியாயர் மாற்றம், உபகரணத் தட்டுப்பாடு முதலிய குறைகள் அதில் இருந்ததை நாம் மறுக்கவில்லை. குறைகளுக்குப் பரிகாரம் தேடியிருக்கலாம். மரத்தையே வெட்டியிருக்க வேண்டியதில்லை.

இதை இன்று எழுதக் காரணம் உண்டு. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமையென்று 1976-ல் அரசியல் சாஸனத்தின் 51-ஏ பிரிவு கூறிற்று. 2024-ல் மத்திய ஸ்தாபனம் ஆறாம் வகுப்புக்கு வெளியிட்ட புதிய விஞ்ஞான நூலுக்கு 'ஆவல்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரையே இட்டிருக்கிறார்கள். பெயர் நன்று. அதே வருஷம் டிசம்பரில் மத்திய சர்க்கார் கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் விதிகளைத் திருத்தி, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளின் முடிவில் பரீக்ஷை வைக்கவும், இரண்டாம் முறையும் தவறியவர்களை நிறுத்திவைக்கவும் இடம் தந்தனர். பிள்ளைகளை நிறுத்திவைப்பது நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அவ்விதிகளிலேயே ஒரு வாசகம் இருக்கிறது: அப்பரீக்ஷை மனப்பாடத்தை ஆதாரமாகக் கொண்டிருக்கலாகாது. சட்டம் படித்தவர்கள் இந்த வாசகத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ள வேண்டும். மனப்பாட வினாத்தாளைக் கொடுத்து ஒரு பிள்ளையை நிறுத்திவைத்தால் விதியை மீறியது பிள்ளையா, பரீக்ஷகரா?

செய்முறைப் பரீக்ஷையும், புத்தகம் திறந்த பரீக்ஷையும் எட்டாம் வகுப்பு விஞ்ஞானத்துக்கு உடனே வரவேண்டும். சர்க்கார் செய்யட்டுமென்று வாளாவிருப்பதும் தகாது. நமது தொண்டர்கள் தத்தம் ஊர்ப் பள்ளிக்கு ஒரு நாள் சென்று, உடைந்துபோகுமென்று பூட்டிவைத்திருக்கும் உபகரண அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறதென்று கேட்கட்டும்.