பக்தருக்கு ரோப்கார்... ஓட்டு மெஷினுக்கு கழுதை... மலைவாசிக்கு மட்டும் கால்நடையா?

தர்மபுரி:
மலைக்கு பஞ்சமே இல்லாத மாவட்டம் தர்மபுரி. தீர்த்தமலை, வத்தல்மலை, சித்தேரி, பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். ஆனா மேலே ஏற வழி எப்படி இருக்கு? அங்கேதான் சிக்கல்.

அரூர் அருகே தீர்த்தமலை உச்சியில் இருக்கிறார் தீர்த்தகிரீஸ்வரர். அருணகிரிநாதர் பாடிய தலம். ராமர், அகத்தியர், குமார, கௌரி, அக்னி என 5 தீர்த்தங்கள். படியேறித்தான் போகணும். வாலிபர்கள் சிட்டாகப் பறந்து விடுகிறார்கள். மூட்டுவலி பாட்டிக்கோ அடிவாரத்திலேயே கும்பிடு.

மற்ற ஊர்களில் இந்தக் கஷ்டத்துக்கு வழி பிறந்து விட்டது. பழனியில் 2004-ல் ரோப்கார் வந்தது. 1,305 படி ஏற வேண்டிய சோளிங்கரில் 2024 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் கரூர் மாவட்டம் அய்யர்மலைக்கும் வந்தது.

தினமும் ஏறுபவர் கதி?

கோயில் படி, வருஷத்துக்கு ஒரு தடவை ஏறுபவருக்கு. மலைக்கிராமத்துக்காரர் தினமும் ஏறுபவர். தலையில் ரேஷன் அரிசி, இடுப்பில் பிள்ளை. கோட்டூர் மலைக்கு 2024 நாடாளுமன்ற தேர்தலின்போது ஓட்டு மெஷினை கழுதை முதுகில் கட்டித்தான் ஏற்றினார்கள். மெஷினுக்கு கழுதை கிடைத்தது. பிரசவ வலி வந்த பெண்ணுக்கு?

வேலூர் மாவட்டம் அல்லேரி மலையை யாரும் மறந்திருக்க முடியாது. 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒன்றரை வயது குழந்தை இறந்தது. ரோடு சரியில்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றது. பெத்தவள் பிள்ளையின் உடலைச் சுமந்து நடந்தே மலை ஏறினாள். தமிழ்நாடே கண் கலங்கியது.

படி போட்டா தீருமா?

தீராது என்பதே உண்மை. படியில் பைக் ஏறாது, ஆம்புலன்ஸ் ஏறாது. தூளி கட்டித் தூக்கும்போது தூக்குபவர்கள் தோளில்தான் மொத்த பாரமும் சாயும். மழையில் ஒரு கால் வழுக்கினால் நோயாளியோடு சேர்ந்து விழ வேண்டியதுதான். ஆக மலைவாசிக்கு வேண்டியது படி அல்ல, பாதை.

பாதை கேட்டால் வருகிற முதல் பதில், ‘அது காட்டு நிலம்’. ஆனால் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ரோடு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, குடிநீர் உள்பட 13 வசதிகளுக்கு காட்டு நிலம் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குள் இருக்கணும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரை கட்டாயம்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 1 ஹெக்டேர் என்றால் 10 ஆயிரம் சதுர மீட்டர். 3 மீட்டர் அகலத்தில் ரோடு போட்டால் சுமார் 3 கி.மீ. கிடைக்கும். சின்ன மலைக்கு இதுவே போதும். காட்டுக்குள் அதைவிட நீளமாகப் போகும் ரோட்டுக்கு 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்பு சட்டப்படி மத்திய அரசு அனுமதி வேண்டும். பைல் வருஷக்கணக்கில் தூங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

வத்தல்மலை சொல்லும் பாடம்

முடியாத காரியமும் இல்லை. காபியும் மிளகும் விளையும் வத்தல்மலையில் ஒரு காலத்தில் நடைதான் கதி. தார் ரோடு போட்ட பிறகு பஸ்ஸே ஏறியது. 2021 செப்டம்பரில் முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் மலைக்கே போய் மக்களைப் பார்த்தார்.

ஒரு மலைக்கு முடிந்தது இன்னொரு மலைக்கு ஏன் முடியாது? அடுத்த கிராம சபை கூட்டத்தில் ரோட்டுக்கான தீர்மானத்தை எழுத்தில் ஏற்றச் சொல்லி, நகலைக் கையில் வாங்கணும். வாய்ச்சொல்லுக்கு எந்த ஆபீசிலும் பைல் திறக்க மாட்டார்கள்.

ஓட்டு மெஷின் தேர்தலுக்கு மட்டும் மலை ஏறுகிறது. ஜனங்க தினமும் ஏறுறாங்க.