ஜமீன் போச்சு, பட்டம் போகலை

போன மாதம் கெங்குவார்பட்டியில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தேன். மணமகனின் அப்பா பெயருக்கு முன்னால் தங்க எழுத்தில் ‘ஜமீன்தார்’. மணமகனுக்கு ‘இளைய ஜமீன்’. மணமகனுக்கு ஓர் அக்கா உண்டு. அவர் பெயர் கடைசிப் பக்கத்தில், ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ கூட்டத்தில், கணவர் பெயருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. (எந்த ஜமீன் என்று கேட்காதீர்கள். ஜமீன்களுக்குப் பஞ்சமில்லாத சீமை இது.)

“மூத்தது அந்தப் பொண்ணுதானே மாமா, பட்டம் எப்படித் தம்பிக்குப் போச்சு?” என்றேன்.

“பொம்பளப் பிள்ளைக்கு எப்படிப்பா பட்டம் வரும்? காலங்காலமா உள்ள வழக்கம்ல!”

காலங்காலமாகவா? வாருங்கள், சிவகங்கைக்குப் போவோம். வேலு நாச்சியார் ஆண்ட மண்.

1801-ல் கும்பெனிக்காரர்கள் சிவகங்கை ஜமீனைப் படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவருக்குக் கொடுத்தார்கள். 1829-ல் அவர் இறந்தபோது மனைவிமார் இருந்தார்கள், மகள்கள் இருந்தார்கள், மகன் இல்லை. அண்ணன் மகன் வந்து உட்கார்ந்துகொண்டார். ‘நாங்கள் பிரியாத குடும்பம், ஆண் வாரிசு நான்தான்’ என்பது அவர் வாதம். மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. வழக்கு படிப்படியாக ஏறி, கடைசியில் கப்பலும் ஏறி, லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1863-ல் தீர்ப்பு வந்தது. குடும்பம் பிரியாததாகவே இருக்கட்டும். ஆனால் ஜமீன் அப்பா தானாகச் சம்பாதித்தது. அது அண்ணன் வழிக்குப் போகாது, மனைவிக்கும் அப்புறம் மகளுக்கும்தான். அப்பா செத்து 34 வருஷம் கழித்து மகள் ஜெயித்தார். மகன் இருந்திருந்தால் தோற்றிருப்பார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ‘பொம்பளைக்குப் பட்டம் வராது’ என்பது அன்றைக்கே பொய்.

பட்டம் என்றால் வெள்ளைக்கார தேசம்தானே ஞாபகம் வரும்? 1963-ல் ஸ்காட்லாந்தின் சதர்லாண்டு டியூக் பிள்ளையில்லாமல் இறந்தார். 1833-ல் வந்த டியூக் பட்டம் தூரத்து ஆண் உறவினருக்குப் போனது. அதைவிடப் பல நூற்றாண்டு பழசான ஏர்ல் பட்டம் தம்பி மகள் எலிசபெத்துக்கு வந்தது. 2019-ல் இறக்கும்வரை அதை வைத்திருந்தவர் அவர்தான். பழைய வழக்கம்தான் அங்கே பெண்ணுக்கு இடம் கொடுத்தது!

சரி, நம் ஜமீனில் இப்போது என்ன மிச்சம்? பங்கு பிரிக்கக் கூடாத ஜமீன்களுக்கென்று 1904-ல் ஒரு சட்டம் இருந்தது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, நஷ்ட ஈட்டுப் பணத்தையே குடும்பத்தில் பங்கு போடச் சொல்லிவிட்டது. 1971-ல் மகாராஜாக்களின் மானியமும் அங்கீகாரமும் போயின. நான் பி.காம். படித்தவன். கம்பெனியை இழுத்து மூடி முக்கால் நூற்றாண்டு ஆனபிறகும் ‘குட்வில்’லை மட்டும் பேரேட்டில் எழுதிவருவதை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கோயிலில் பரிவட்டம் கட்டுகிறார்களே என்பீர்கள். ஆழ்வார்திருநகரி கோயில் மரியாதை வழக்கில் 1961-லேயே சுப்ரீம் கோர்ட் சொன்னது: பதவியோடு சேராத வெறும் மரியாதைக்காக சிவில் கோர்ட்டுக்கு வர முடியாது.

‘வெத்துப் பட்டம்தானே, போட்டுக்கொள்ளட்டுமே, உனக்கென்ன எரிச்சல்?’ என்று கேட்பீர்கள். வெத்துப் பட்டமாக இருந்தால் நானும் இரண்டு பந்தி சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். பட்டத்துக்குப் பின்னாலேயே ஒரு வாக்கியம் வருகிறது: ‘ஜமீன் சொத்தைப் பிரிக்கக் கூடாதும்மா, குடும்பக் கௌரவம்.’ அதற்குப் பின்னால் விடுதலைப் பத்திரம் வருகிறது. அக்கா கையெழுத்துப் போட்டால் தோப்பு முழுக்கத் தம்பிக்கு.

பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் சொன்னது. அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் எல்லா மகள்களையும் சேர்த்துக்கொண்டது. அப்பா 2005-ல் உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியே வேண்டாம், உரிமை பிறப்பால் வருவது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாயிற்று. ஆனால் தானாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் எந்தச் சட்டம் வந்து கையைப் பிடிக்கும்?

கல்யாணம் முடிந்ததும் அந்த அக்காவை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். கெங்குவார்பட்டி வாசகர்களே, உங்களில் யாராவது இந்தப் பக்கத்தைக் கிழித்து அவரிடம் கொடுங்கள்.